வருஷக் கணக்கை எழுதுவது யார்?



இன்னும் சில நாட்களில் 2025-ஆம் ஆண்டு நம்மிடம் விடைபெறப் போகிறது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்பது ஊர் வழக்கம். தோட்ட ஆபீசில் கிராணி கணக்குப் பார்க்கிறார். டவுனில் கடைக்காரர் கணக்குப் பார்க்கிறார். 555 நோட்டில் நம் பேருக்கு எதிரே எத்தனை வெள்ளி நிற்கிறது என்று அவருக்குக் காசு சுத்தமாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது!

சரி, கடனையாவது அவர் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் நம் வீட்டில் நடந்த நல்லது எத்தனை, கெட்டது எத்தனை, அதில் நம் பிசகு எது, பிறர் பிசகு எது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "என்னத்த எண்ணுறது? காலையில பெரட்டு, சாயந்திரம் வீடு, வருஷம் போச்சு!" இதுதானே நம்முடைய பதில்?

இந்தப் பகுதியில் வாராவாரம் ஊருக்கு உபதேசம் செய்துவரும் நாமும் நேற்று வரை இதே பதிலைச் சொன்னவர்தாம். ஆகவே இந்த வாரம் உபதேசம் இல்லை. நம் வீட்டுக் கணக்கையே உங்கள் முன்னால் விரித்து வைக்கிறோம். தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரவில் இரண்டு

நல்லதிலிருந்தே தொடங்குவோம். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2013-ஆம் ஆண்டில் இந்த ஏற்பாடு முதன்முதலாக அமலுக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி. இப்போது 1,700.

கீழ்ப் பேராக் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் மண்டோர் வேலை பார்த்து வருகிறோம். நம் துணைவியார் அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். குனிந்த முதுகு நிமிராத வேலை. புதிய கணக்கில் வந்த முதல் சம்பளச் சீட்டை அவர் மடிக்காமல் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "ஏங்க, கண்ணாடி போட்டுச் சரியா படிங்க, 1,700-தானே போட்டிருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிள் தவணையும் அரிசி, எண்ணெய் விலையும் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் 555 நோட்டைப் புரட்டினால் கடன் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இருந்தாலும் வரவு வரவுதான். அதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது வரவு ஏப்ரல் 24-ஆம் தேதி. அன்றைக்கு எஸ்.பி.எம். முடிவு வந்தது. நம் கடைசி மகள் தேர்வு எழுதியிருந்தாள். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் சேர்த்து எடுத்திருந்தாள். "அதெல்லாம் எதுக்கு, பாரம்தானே?" என்று சொன்னவர்கள் உண்டு. அந்த இரண்டிலுமே நல்ல தேர்ச்சி! பிறகு ஈப்போவில் உள்ள ஊங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்க இடம் கிடைத்தது. 1969-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்விக்கூடம்தான் இந்த நாட்டின் முதல் பாலிடெக்னிக். நம் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் இவள்தான்.

முடிவு வந்த அன்று நம் தாயார் என்ன செய்தார் தெரியுமா? எண்பத்து நான்கு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். பேத்தியைக் கிட்டே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அடுப்படிக்குப் போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். சுவரில் தொங்கிய குதிரைக் கேலண்டரில் 24 என்ற எண்மேல் ஒரு பொட்டு வைத்தார். கிழவிக்குச் சந்தோஷம், ஏதோ செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

செலவில் ஒரு பெரிய பிசகு

இனி கெட்டதைச் சொல்ல வேண்டும். வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை துணைவியார் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டார். முதல் நாள் இரவு மழை. செம்மண் சாலையில் சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டார். பின்னால் வந்த ஒரு தொழிலாளத் தம்பி தூக்கி உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்" என்று சொன்னது யார்? நாம்தான்! "ஆபீசில சொல்லட்டுமாங்க?" என்று அவர் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் போய் நின்னா நம்மளத்தான் பேசுவாங்க, மண்டோர் வீட்டுக்காரம்மா சாக்குச் சொல்றாங்கன்னு" என்று வாயை அடைத்ததும் நாம்தான்.

மூன்று நாள் எண்ணெய் போட்டோம். நான்காம் நாள் கை கறுத்துப்போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, பல வாரங்களுக்கு வேலை செய்யக்கூடாது என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலோ அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்று இதே பகுதியில் நாம் ஒரு தடவையா எழுதியிருக்கிறோம்? விபத்து நடந்தால் உடனே நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும், தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைச் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும் என்றெல்லாம் எழுதிக் கிழித்தோமே! எழுதியவர் வீட்டிலேயே ஆபீசில் தகவல் சொல்ல 11 நாள் ஆயிற்று. ஊரார் வீட்டு நெருப்பை அணைக்க வாளியோடு ஓடியவன் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கவில்லை.

தாமதம் மட்டும் என்றால் பரவாயில்லை. தேதியும் தப்பு! 18-ஆம் தேதி புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தோம். தூக்கிவிட்ட தம்பியின் பெயரைச் சாட்சியாகச் சொன்னோம். ஆபீசில் செக்ரோலைப் பார்த்தார்கள். அந்தத் தம்பி 18-ஆம் தேதி லீவு எடுத்து டவுனுக்குப் போயிருக்கிறான்! "லீவுல இருந்தவரு எப்படி அந்த ரோட்டுல வந்தாரு? விழுந்தது வேலைக்குப் போற வழியிலயா, வீட்டு வாசல்லயா?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர்மேல் அன்று கோபம் பொங்கியது. இன்று யோசித்தால், அவர் கையில் இருந்த காகிதம் அப்படித்தானே சொன்னது? நம் கையில் என்ன காகிதம் இருந்தது?

"கேலண்டரைப் பாருப்பா"

அன்று இரவு வீட்டில் ஒரே சத்தம். செவ்வாயா, புதனா? தம்பிக்கும் நினைவில்லை. துணைவியாருக்கும் நினைவில்லை. வலியில் இருந்தவருக்கு நாள் கிழமை எப்படித் தெரியும்?

மூலையில் படுத்திருந்த நம் தாயார் எழுந்து உட்கார்ந்தார். "எதுக்குப்பா இப்படிக் கத்துற? அந்தக் கேலண்டரைப் பாரு. மருமவ விழுந்த அன்னிக்கே நான் கீறி வச்சிருக்கேன்" என்றார்.

விளக்கைப் போட்டுப் பார்த்தோம். ஜூன் தாளில் 17 என்ற எண்மேல் அடுப்புக்கரியால் ஒரு பெருக்கல் குறி. செவ்வாய்க்கிழமை! அதற்கு முந்தைய நாட்களில் எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள். கோடு என்றால் மருமகள் வேலைக்குப் போன நாள். வட்டம் என்றால் மழை நாள். பெருக்கல் குறி என்றால் நோய் நொடி, விபத்து, சாவு. மஞ்சள் பொட்டு என்றால் நல்ல நாள். வருஷம் தொடங்கியதிலிருந்து ஒரு நாள் விடாமல் கிழவி கணக்கு எழுதி வந்திருக்கிறார். அதே வீட்டில் இருந்த நமக்குத் தெரியவில்லை.

மறுநாள் போலீசில் ரிப்போர்ட் செய்தோம். தேதியைத் திருத்தி, எந்த வழி, எத்தனை மணி, எந்தத் திருப்பம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தோம். செக்ரோலில் 17-ஆம் தேதி துணைவியார் வேலைக்கு வரவில்லை என்றும், அந்தத் தம்பி வேலைக்கு வந்திருந்தார் என்றும் இருந்தது. சாட்சி பொருந்தியது. மனு நகர்ந்தது.

"இந்தப் பழக்கம் எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டோம். அவர் சொன்ன கதை இது. கல்யாணமான புதிதில் அவர் கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியபோது ஒரு மாதம் சம்பளத்தில் மூன்று நாள் குறைந்தது. "நான் வந்தேன் ஐயா" என்றார். "செக்ரோலில் இல்லை" என்றார்கள். எழுதத் தெரிந்தவர் சொன்னது நின்றது. தெரியாதவர் சொன்னது விழுந்தது. மூன்று நாள் கூலி என்றால் அந்தக் காலத்தில் எத்தனை படி அரிசி! அன்று இரவே ஒரு கரித்துண்டை எடுத்தாராம். "அவங்களுக்கு ஒரு கணக்குன்னா எனக்கும் ஒரு கணக்கு" என்றார். "அதுக்கப்புறம் எவனும் என் நாளைக் குறைக்கலப்பா."

பெட்டிக்குள் இருந்த வருஷங்கள்

ஆகஸ்டு மாதம் ஒரு விடியற்காலை நம் தாயார் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த வருஷத்தின் பெரிய செலவு அதுதான். அதற்கு ஈடு கட்ட எந்த வரவும் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு புடவை. ஒரு வெற்றிலைப் பை. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஒன்று. பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. பால் வெட்டிய காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்ந்தவர்களில் நம் தாயாரும் ஒருவர்.

அதற்கு அடியில் கட்டுக்கட்டாகக் கேலண்டர் தாள்கள்! கடையில் இனாமாகக் கொடுத்தவை. வருஷத்துக்கு ஒரு கட்டு, நூல் போட்டுக் கட்டியிருந்தது. கரையான் தின்றது போக மீதி இருந்தவற்றில் பழையது 1968. எல்லாவற்றிலும் கோடு, வட்டம், பெருக்கல் குறி, மஞ்சள் பொட்டு.

உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 1970-ஆம் ஆண்டுக் கட்டில் ஒரு தாள் முழுவதும் கரி பூசியிருந்தது. எல்லாரும் விழித்தோம். வயதான அத்தை ஒருவர்தான் சொன்னார்: "உங்க மாமா கப்பலேறின மாசம் அது." பிரஜாவுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்த காலம் அது. பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குப் போனார்கள். நம் மாமாவும் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனவர். அண்ணனும் தங்கையும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கட்டில் கோடுகள் பாதியில் நின்றுவிட்டன. கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம் அது. நம் தாயாரின் பால்வெட்டு வேலை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிந்தைய கட்டுகளில் வேலைக் கோடு இல்லை. ஆனாலும் பொட்டும் பெருக்கல் குறியும் நிற்கவில்லை. பேரப்பிள்ளைகள் பிறந்தது, நம் தகப்பனார் போனது, மின்சாரம் முழு நாளும் வந்தது எல்லாம் இருந்தன.

ஒன்றைக் கவனித்தோம். எந்த வருஷத்தை எடுத்தாலும் பெருக்கல் குறி அதிகம், பொட்டு குறைவு. ஆனால் பொட்டே இல்லாத வருஷம் ஒன்றுகூட இல்லை. மாமா போன 1970-இல்கூட இரண்டு பொட்டு இருந்தது. ஒன்று நம் தங்கை பிறந்த நாளாம். இன்னொன்று என்னவென்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

தீபாவளி இல்லாத தீபாவளி

அக்டோபர் 20-ஆம் தேதி தீபாவளி. சாவு நடந்த வீடு. ஆகவே நமக்குப் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. ஆனாலும் அன்று காலை பத்து மணிக்குள் நம் வீட்டு மேசையில் ஏழு வீட்டுப் பலகாரம்! நமக்குப் பண்டிகை இல்லை என்றால் அக்கம்பக்கம் நம் வாயைக் காயவிடுவதில்லை. லயத்தில் பிறந்த வழக்கம் இது. நம் வீடுகள் குறைந்துபோய், பக்கத்து வீடுகளில் லோம்போக்கிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தம்பிகள் குடியிருக்கும் இந்தக் காலத்திலும் அது சாகவில்லை. நம் தாயாரை "நெனேக்" என்று கூப்பிட்டு வந்த லோம்போக் தம்பி ஒருவர், ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து பேசாமல் வைத்துவிட்டுப் போனார். விபத்தன்று துணைவியாரைத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் சொக்சோ பணம் வந்து சேர்ந்தது. விடுப்பு எடுத்த நாட்களுக்கான பணம். 555 நோட்டில் இருந்த கடனில் பெரிய பங்கு அடைந்தது. மகள் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். கேலண்டருக்கு முன்னால் நின்று, "பணம் வந்த நாளுக்குப் பொட்டு வைக்கலையா அப்பா?" என்று கேட்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு அந்தத் தாள்கள் வெறுமையாகவே கிடந்தன. அவளே போய் மஞ்சள் குழைத்து வந்தாள்.

மீதி என்ன?

நண்பர்களே, கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். சம்பளம் கூடியது, மகள் படிக்கப் போனது, கை குணமானது ஆகியவை வரவு. தாயார் போனது பெரிய செலவு. நம் வாயால் துணைவியாரின் வாயை அடைத்தது நம் பேரில் நிற்கும் கடன். அதை எந்த வாரியமும் அடைக்காது. "உங்களுக்கு மண்டோர் கௌரவம், எனக்குக் கை" என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அது போதும்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. வருகிற ஆண்டில் நமக்கு 60 வயது. 2013 ஜூலை முதல் சட்டப்படி ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது அதுதான். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். நம் தாயார் பெருக்கல் குறி போட்ட சுவர், பொட்டு வைத்த சுவர் நமதில்லை. டவுனில் மலிவு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கைகூடவில்லை. உங்களில் எத்தனையோ பேருக்கு இதே கவலை இருக்கும் என்று நமக்குத் தெரியும். வருஷம் முடிகிறது என்பதற்காக எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று செய்யலாம். புது வருஷத்துக் கேலண்டர் இந்நேரம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அதை வெறும் சுவர் அலங்காரமாக விடாதீர்கள். வேலைக்குப் போன நாளைக் கோடு போடுங்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அடிபட்டால் அன்றைக்கே குறியுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். சின்ன அடி, பெரிய அடி என்று பார்க்காதீர்கள். டாக்டர் கொடுத்த சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்தில் உங்கள் பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு நூற்றுக்கு 13. மாதம் தவறாமல் ஏறியிருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, நல்ல நாளுக்கு ஒரு பொட்டு வையுங்கள். கஷ்டத்தை நாம் மறப்பதில்லை. அது தானாகவே நினைவில் நிற்கும். நல்லதைத்தான் மறந்துவிடுகிறோம். பிள்ளை முதல் முறையாகச் சம்பளம் கொண்டுவந்த நாள், பேசாதிருந்த அண்ணன் தம்பி பேசிய நாள், காய்ச்சல் விட்ட நாள், இவையெல்லாம் எந்தக் கிராணியின் புத்தகத்திலும் ஏறாது. நாம் எழுதினால்தான் உண்டு.

எழுத்துத் தெரியாத ஒரு தோட்டத்துப் பெண் 57 ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறார், ஒரு கரித்துண்டையும் கொஞ்சம் மஞ்சளையும் வைத்துக்கொண்டு. பள்ளிக்கூடம் போன நமக்கு என்ன சாக்கு?

நம் வீட்டில் புதிய கேலண்டர் வந்துவிட்டது. ஆணி அடிக்கவில்லை, எந்த வீட்டுச் சுவரில் வருஷத்தை முடிப்போம் என்று தெரியாததால், சுருட்டித் தாயாரின் பெட்டிமேல் வைத்திருக்கிறோம். கரித்துண்டு மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் தேதி காலையில் துணைவியார் கையால் முதல் கோடு விழும்.

எல்லாருக்கும் நம் புத்தாண்டு வாழ்த்துகள். அடுத்த வாரம் சந்திப்போம்.